தளபதியின் சட்டைக்கு நீலம் பூசியது யார்?

1840களில் நியூயார்க்கில் இருந்த ஒருவருக்கு, மெக்ஸிகோ எல்லையில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் தளபதியின் முகத்தைப் பார்க்க ஆசை வந்தால் அதற்கு வழிகள் அதிகம் இல்லை. டாகரோடைப் என்ற புகைப்பட முறை 1839இலேயே வந்துவிட்டது. ஆனால் அது வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் விழும் ஒற்றைப் படம். அதிலிருந்து பிரதி எடுக்க முடியாது. செய்தித்தாளில் புகைப்படத்தை அப்படியே அச்சடிக்கும் ஹாஃப்டோன் முறை பரவலாக இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். செம்பிலோ எஃகிலோ செதுக்கி அச்சிட்ட படங்கள் உண்டு. அவை மெதுவாகத்தான் வரும், விலையும் கையைக் கடிக்கும்.

மிச்சமிருந்தது கடை ஜன்னலில் தொங்கிய மலிவான ஒரு சரக்கு. கறுப்பு மையில் அச்சான உருவம், அதன்மேல் கையால் தீட்டிய நீலம், சிவப்பு, மஞ்சள். கீழே தளபதியின் பெயர், பதவி. சிறிய அளவுத் தாள் ஏறத்தாழ 8க்கு 12 அங்குலம் இருக்கும், விலை இருபது சென்ட் அளவில். வாங்கி ஆணியடித்து மாட்டிவிடலாம். இன்று அருங்காட்சியகப் பட்டியல்களில் ‘கையால் வண்ணமிட்ட லித்தோகிராஃப்’ (கல்லச்சுப் படம்) என்று வருவது இதுதான்.

இந்தப் படங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், ஒரு தாளில் இரண்டு வேலைகள் இருக்கின்றன என்பது. கறுப்புக் கோடு கல்லிலிருந்து வந்தது, எல்லாப் பிரதியிலும் ஒன்றுதான். வண்ணம் ஒரு மனிதக் கையிலிருந்து வந்தது, அது பிரதிக்குப் பிரதி மாறும். பார்க்கும்போது இந்த இரண்டையும் மனதில் பிரித்துவைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கல் எப்படி அச்சடிக்கிறது

லித்தோகிராஃபைக் கண்டுபிடித்தவர் அலோய்ஸ் செனஃபெல்டர். 1771இல் பிராகில் பிறந்து மியூனிக்கில் வாழ்ந்தவர், நாடகம் எழுதியவர். தன் நாடகங்களை மலிவாக அச்சிட ஒரு வழி தேடப்போய், 1790களின் இறுதியில் இந்த முறையில் வந்து நின்றார். அவருக்குக் கைகொடுத்தது பவேரியாவில் சோல்ன்ஹோஃபன் என்ற ஊரில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல். நெருக்கமான, ஒரே சீரான கல் அது. தண்ணீரையும் உறிஞ்சும், கொழுப்பையும் உறிஞ்சும்.

மற்ற அச்சு முறைகளில் மேடோ பள்ளமோ வேண்டும். மர அச்சில் மேடான இடத்தில் மை ஒட்டும். செப்புத் தகட்டில் செதுக்கிய பள்ளத்தில் மை தங்கும். லித்தோவில் இரண்டும் இல்லை, கல் வழவழவென்று சமமாகவே இருக்கிறது. பிறகு மை எப்படி வேண்டிய இடத்தில் மட்டும் ஒட்டுகிறது? எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் ஒட்டாமல் ஓடுகிறதே, அந்த ஒட்டாமைதான் இதன் மொத்த ரகசியமும்.

முதலில் இரண்டு கற்களுக்கு நடுவே மணலும் தண்ணீரும் போட்டு ஒன்றின்மேல் ஒன்றை வைத்துத் தேய்ப்பார்கள். மேற்பரப்பு சமமாகி, கண்ணுக்குத் தெரியாத அளவு சொரசொரப்பு மட்டும் மிஞ்சும். ஓவியர் அதன்மேல் மெழுகு, சோப்பு, கொழுப்பு, புகைக்கரி கலந்து செய்த பென்சிலால் வரைவார். வேலை செய்வது கொழுப்பு. கரி சேர்ப்பது வரைகிறவர் தன் கோட்டைத் தன் கண்ணால் பார்ப்பதற்குத்தான். வரைந்து முடித்ததும் வேல மரத்துப் பிசினைக் கரைத்து, அதில் சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டுக் கல் முழுவதும் பூசுவார்கள். வரையாத இடங்கள் இதனால் தண்ணீரைப் பிடித்துவைக்கப் பழகிவிடும், கொழுப்பு இருக்கும் இடங்கள் அப்படியே நிற்கும்.

அடுத்து வருவது பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும் கட்டம். டர்பன்டைன் ஊற்றித் துடைத்தால் கறுப்புக் கோடெல்லாம் அழிந்து கல் ஏறக்குறைய வெறுமையாகத் தெரியும். கரிதான் போயிருக்கிறது. கொழுப்பு கல்லுக்குள் இறங்கியிருக்கிறது. ஈரத்துணியால் ஒற்றி, எண்ணெய் மை தடவிய உருளையை ஓட்டினால் படம் திரும்பி எழும். ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும், கொழுப்பான இடம் வாங்கிக்கொள்ளும். தாளை வைத்து அழுத்தி எடுத்தால் ஒரு பிரதி. மறுபடி ஈரம், மறுபடி மை, மறுபடி தாள். ஒரே கல்லில் ஆயிரக்கணக்கில் எடுக்கலாம்.

சிவகாசியில் இன்று ஓடும் ஆஃப்செட் இயந்திரங்களும் இதே தண்ணீர், எண்ணெய் பகையில்தான் ஓடுகின்றன. கல்லுக்குப் பதில் அலுமினியத் தகடு, நடுவே ஒரு ரப்பர் உருளை.

இந்த முறை உருவப்படத்துக்கு இவ்வளவு பொருந்தியதற்குக் காரணம் அந்தச் சொரசொரப்பு. பென்சில் கல்லின்மேல் ஓடும்போது நுனிகளில் மட்டும் ஒட்டி, பொடிப் பொடியான புள்ளிகளாக விழும். லேசாகத் தேய்த்தால் சாம்பல், அழுத்தினால் கறுப்பு. கன்னத்தின் வளைவு, மீசையின் மென்மை, கம்பளிச் சட்டையின் மடிப்பு எல்லாம் காகிதத்தில் வரைவது போலவே வந்துவிடும். செப்பில் இதே கன்னத்தைக் கொண்டுவர ஒரு கைதேர்ந்த செதுக்குக்காரர் வாரக்கணக்கில் குனிந்திருக்க வேண்டும்.

ஒரு சிக்கல், அச்சில் எல்லாம் இடவலம் மாறும். இராணுவப் படத்தில் இது உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதிகாரியின் வாள் இடப்பக்கம் தொங்க வேண்டும். கல்லில் நேராக வரைந்தால் தாளில் வலப்பக்கம் போய்விடும். ஆகவே ஓவியர் எல்லாவற்றையும் திருப்பி வரைய வேண்டும், கீழே இருக்கும் எழுத்தையும் கண்ணாடியில் தெரிவது போல எழுத வேண்டும். வேடிக்கை என்னவென்றால், டாகரோடைப் படமே இயல்பில் இடவலம் மாறித்தான் விழும். அதைப் பார்த்து அப்படியே கல்லில் வரைந்தால், இரண்டு தலைகீழும் சேர்ந்து தாளில் சரியாகிவிடும்.

வண்ண அறை

அமெரிக்காவில் இந்த வியாபாரத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர் நத்தேனியல் கரியர். 1813இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர், பாஸ்டனில் பெண்டில்டன் சகோதரர்களின் அச்சகத்தில் பயிற்சி பெற்று, 1830களின் நடுவில் நியூயார்க்கில் கடை போட்டார். கணக்கு எழுத வந்த ஜேம்ஸ் மெரிட் ஐவ்ஸ் 1857இல் பங்குதாரர் ஆனார். அதன்பிறகு நிறுவனத்தின் பெயர் கரியர் அண்ட் ஐவ்ஸ். மொத்தம் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்புகளில் படம் போட்டார்கள். குதிரைப் பந்தயம், தீ விபத்து, பனிக்காலக் கிராமம், பூச்சாடி, குழந்தைகள் என்று எது விற்குமோ அது. இராணுவ அதிகாரிகள் அதில் ஒரு பிரிவு. சண்டை வந்தால் மட்டும் அந்தப் பிரிவு பெரிதாகும்.

கல்லிலிருந்து எடுத்த தாள்கள் காய்ந்ததும் வண்ணம் தீட்டும் அறைக்குப் போகும். அங்கே நீண்ட மேசைகள், இருபக்கமும் உட்கார்ந்திருக்கும் இளம்பெண்கள். பலர் ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண்கள். எதிரே எல்லோருக்கும் தெரியும்படி, முழுதாக வண்ணமிட்ட ஒரு மாதிரிப் படம் நிற்கும். ஒருவருக்கு ஒரு நிறம். முதலாமவர் சட்டைக்கு நீலம் பூசித் தள்ளுவார், அடுத்தவர் இடைக்கச்சுக்குச் சிவப்பு, அதற்கடுத்தவர் தோள்சின்னத்துக்கும் பொத்தானுக்கும் மஞ்சள், இன்னொருவர் முகத்துக்கு. கடைசியில் ஒருவர் தாளைப் பார்த்து விட்டுப்போனதைத் தொட்டு முடிப்பார். கார் தொழிற்சாலைகள் இந்த முறைக்குப் பேர் வாங்குவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே நியூயார்க்கில் இது நடந்துகொண்டிருந்தது. அவசர ஆர்டர் வந்தால் வெளியாட்களைச் சேர்த்துக்கொள்வார்கள், கை பழகாத அவர்களுக்கு அட்டையில் வெட்டிய அச்சு கொடுத்து அதற்குள் பூசச் சொல்வார்கள்.

பூசியது நீர்வண்ணம். இதைக் கவனித்தே ஆக வேண்டும், ஏனென்றால் படத்தின் அழகே இதில்தான் இருக்கிறது. நீர்வண்ணம் கண்ணாடி போல ஊடுருவும். கீழே இருக்கும் கறுப்புப் புள்ளிகள் வண்ணத்தின் வழியே தெரிந்துகொண்டே இருக்கும். சட்டை மடிப்பின் நிழலைக் கல் ஏற்கெனவே போட்டுவிட்டது. வண்ணக்காரர் ஒரே நீலத்தை மட்டமாகப் பூசினால் போதும், நிழலான இடத்தில் அது தானாக அடர்நீலமாகும், வெளிச்சமான இடத்தில் இளநீலமாகும். ஓவியம் கற்காத ஒரு பெண்ணால் ஒரு நாளில் அத்தனை தாள்களை முடிக்க முடிந்தது இதனால்தான். அடர்ந்த இடங்களில் மட்டும் மேலே கொஞ்சம் பிசின் கரைசல் தடவுவார்கள், பூட்ஸும் மீசையும் பளபளக்கும்.

மலிவுச் சரக்கு என்பதால் பொருளில் கஞ்சம் பிடித்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். வண்ணங்கள் ஆஸ்திரியாவிலிருந்து வந்தன. கல்லில் வரையும் பென்சிலைக் கரியரின் தம்பி சார்லஸ் தயாரித்தார், அந்தத் தொழிலில் அதற்கு நல்ல பெயர். கூலிதான் குறைவு.

நிறம் ஏன் வேண்டும்

பூச்சாடிக்கு வண்ணம் அலங்காரம். அதிகாரியின் படத்தில் வண்ணம் தகவல். 19ஆம் நூற்றாண்டுச் சீருடையில் யார் எந்தப் படைப்பிரிவு, என்ன பதவி என்பதை நிறம்தான் சொன்னது.

ஐரோப்பாவில் இதற்கு அருமையான உதாரணம் ஆஸ்திரியா. அங்கே காலாட்படைக்கு 1868 வரை வெள்ளைச் சட்டை. எல்லாப் படைப்பிரிவுக்கும் வெள்ளை. வேறுபாடு காலரிலும் கைமடிப்பிலும் இருக்கும் நிறத்தில். அதுவும் ஒரே நிறத்தை ஒன்றுக்கு மேற்பட்ட பிரிவுகள் பங்குபோட்டுக்கொள்ளும். அப்போது பொத்தான் மஞ்சளா வெள்ளையா என்று பார்க்க வேண்டும். கறுப்புவெள்ளை அச்சில் இந்த அதிகாரிகள் எல்லோரும் ஒரே ஆள்தான். வியன்னாவில் யோசஃப் கிரீஹூபர் என்ற ஓவியர் (1800–1876) ஏறத்தாழ 3000 உருவப்படங்களைக் கல்லில் வரைந்தார். தளபதி ராடெட்ஸ்கி முதல் பெயர் தெரியாத இளம் அதிகாரிகள் வரை அதில் இருக்கிறார்கள். நியூயார்க் சரக்குக்கும் இதற்கும் தரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கிரீஹூபர் ஆளை எதிரே உட்காரவைத்து வரைந்த கலைஞர். பெரும்பாலும் வண்ணமில்லாமலே விற்றன. வண்ணமிட்ட பிரதிகள் தனி. அவற்றில் ஒரு விரல் அகலக் காலருக்குப் பூசிய நிறம்தான் அந்த அதிகாரியின் முகவரி.

அமெரிக்காவில் ஏற்பாடு கொஞ்சம் எளிது. வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போர்க்காலத்தில் வடக்குப் படை அதிகாரிகளுக்கு அடர்நீலச் சட்டை. தோளில் குறுக்காக ஒரு செவ்வகப் பட்டை, அதன் அடிநிறம் பிரிவைச் சொல்லும். காலாட்படைக்கு வெளிர்நீலம், குதிரைப்படைக்கு மஞ்சள், பீரங்கிப்படைக்குச் சிவப்பு. இடைக்கச்சு ஜெனரல்களுக்கு மங்கிய மஞ்சள், மற்ற அதிகாரிகளுக்குக் கருஞ்சிவப்பு, மருத்துவ அதிகாரிகளுக்கு மரகதப் பச்சை. ஆகவே வண்ண அறையில் தூரிகையைத் தவறான கிண்ணத்தில் தோய்த்தால், ஒரு குதிரைப்படைக்காரர் பீரங்கிக்கு மாறிவிடுவார். நடந்திருக்கிறது. அதே அச்சின் இரண்டு பிரதிகளில் ஒரே தளபதிக்கு ஒன்றில் சிவப்புக் கச்சும் இன்னொன்றில் மஞ்சள் கச்சும் இருந்தால் வியக்க வேண்டியதில்லை.

கோடு சொல்வதை நிறத்தைவிட நம்பலாம். அதிலும் பொத்தானை. 1861ஆம் ஆண்டு இராணுவ விதிப்படி மேஜர் ஜெனரலுக்கு இரண்டு வரிசை, வரிசைக்கு ஒன்பது பொத்தான், மும்மூன்றாகக் கூட்டி வைத்திருப்பார்கள். பிரிகேடியர் ஜெனரலுக்கு இரண்டு வரிசை, எட்டெட்டு, இரண்டிரண்டாக. கர்னல், லெப்டினன்ட் கர்னல், மேஜர் ஆகியோருக்கு ஏழேழு, சம இடைவெளியில். கேப்டனும் லெப்டினன்டும் ஒற்றை வரிசை, ஒன்பது. படத்தின் கீழே ‘மேஜர் ஜெனரல்’ என்று போட்டிருக்க, மார்பில் பொத்தான்கள் இரண்டிரண்டாக இருக்கிறதா? ஓவியர் பார்த்து வரைந்த புகைப்படம் பதவி உயர்வுக்கு முன்பு எடுத்ததாக இருக்கலாம். பழைய கல்லில் எழுத்தை மட்டும் மாற்றியிருக்கவும் கூடும். எனக்கு இந்தப் படங்களில் முகத்தைவிடப் பொத்தான் வரிசையைப் பார்ப்பதில் ருசி அதிகம். முகம் எல்லோரையும் கொஞ்சம் அழகாக்கிக் காட்டும், பொத்தானுக்கு அந்தக் கரிசனம் கிடையாது.

சண்டை வந்தால் வியாபாரம்

கரியருக்கு முதல் பெரிய இராணுவச் சந்தை 1846 முதல் 1848 வரை நடந்த மெக்ஸிகோ போர். 1846 மே 8 அன்று பாலோ ஆல்டோ சண்டையில் பீரங்கிப்படை மேஜர் சாமுவேல் ரிங்கோல்ட் படுகாயமடைந்து சில நாட்களில் இறந்தார். அந்த ஆண்டே ‘மேஜர் ரிங்கோல்டின் மரணம்’ கரியர் கடையில் தொங்கியது. வரைந்தவர் போர்க்களத்தில் இருந்தாரா என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் போரின் நாயகர் ஜெனரல் சக்கரி டெய்லர். உடை விஷயத்தில் அவர் பெயர்போன அசட்டை. பழைய கோட்டும் வைக்கோல் தொப்பியுமாகத் திரிவார், புதிதாக வந்த சிப்பாய்கள் அடையாளம் தெரியாமல் தடுமாறுவார்கள் என்பார்கள். அச்சுப்படங்களில் அவரைப் பாருங்கள், பல படங்களில் தங்கக் குஞ்சம் தொங்கும் தோளணியும் பளபளக்கும் பொத்தான்களுமாக முழு விறைப்பில் நிற்பார். இருபது சென்ட் கொடுக்கிறவருக்கு ஒரு தளபதி தளபதியாகவே தெரிய வேண்டும், வண்ணம் பூச நீலமும் மஞ்சளும் வேண்டும். வைக்கோல் தொப்பியில் என்ன இருக்கிறது?

1848இல் டெய்லர் ஜனாதிபதி தேர்தலில் நின்று ஜெயித்தார். போர்ப்படம் அப்படியே ஓட்டுப்படமானது. 1852இல் அதே போரின் இன்னொரு தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட் நின்றார், தோற்றார். அவரைத் தோற்கடித்த ஃபிராங்க்ளின் பியர்ஸும் மெக்ஸிகோவில் பிரிகேடியர் ஜெனரலாக இருந்தவர்தான். அச்சகத்துக்கு எவர் ஜெயித்தாலும் லாபம்.

உள்நாட்டுப் போர் 1861இல் தொடங்கியபோது வாங்குபவர்களின் வகை பெருகியது. மே 24 அன்று வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் ஒரு விடுதி உச்சியில் பறந்த தெற்குக் கொடியை இறக்கிவிட்டுப் படியில் வந்த கர்னல் எல்மர் எல்ஸ்வொர்த்தை விடுதிக்காரர் சுட்டுக் கொன்றார். எல்ஸ்வொர்த்துக்கு 24 வயது, லிங்கனுக்கு வேண்டியவர். அந்தப் போரில் இறந்த வடக்குத் தரப்பின் முதல் அதிகாரி அவர். உடல் வெள்ளை மாளிகையில் வைக்கப்பட்டது. படம் கேட்டு ஆட்கள் வந்தார்கள், பல அச்சகங்கள் போட்டன. அதே ஆண்டு புல் ரன் சண்டையில் சிறைப்பட்ட கர்னல் மைக்கேல் கோர்கரன், மறு ஆண்டு ஃபேர் ஓக்ஸில் சண்டையிட்ட ஜெனரல் தாமஸ் பிரான்சிஸ் மேகர் ஆகியோரின் படங்களைக் கரியர் அண்ட் ஐவ்ஸ் வெளியிட்டது. இருவரும் அயர்லாந்தில் பிறந்தவர்கள். நியூயார்க்கில் அயர்லாந்துக்காரர் குடியிருப்புகள் எத்தனை இருந்தன என்று நினைத்தால், இந்தப் படங்கள் யாருக்காக அச்சானவை என்பது புரியும்.

சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் அப்போது 13 டாலர். அவன் குடும்பமும் வாங்கக்கூடிய விலையில் அவன் தளபதி கிடைத்தார்.

தெற்குப் பக்கம் கதை வேறு. தாள், மை, கல், ஆள் எல்லாவற்றுக்கும் அங்கே தட்டுப்பாடு. தெற்குப் படைத் தளபதி ராபர்ட் லீயின் மலிவுப் படங்கள் குவிந்தது பெரும்பாலும் போர் முடிந்த பிறகு, அதுவும் வடக்கத்திய அச்சகங்களிலிருந்து. போரின்போது வடக்குக் கொடியை விற்ற கரியர் அண்ட் ஐவ்ஸும் அதில் உண்டு.

முகத்தை எவ்வளவு நம்பலாம்

கோடு சொல்வதை நம்பலாம் என்றேன், அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. ஓவியர் பெரும்பாலும் ஆளைப் பார்த்ததில்லை. 1840களில் டாகரோடைப், 1860களில் பிரேடி போன்ற ஸ்டுடியோக்களின் காகிதப் புகைப்படம், அல்லது ஏற்கெனவே அச்சான வேறொரு படம், இதில் எது கையில் கிடைத்ததோ அதுதான் மூலம். மூலம் தவறினால் முகமே தவறும். 1862 பிப்ரவரியில் தெற்குத் தரப்பின் ஃபோர்ட் டோனல்சன் கோட்டையைப் பிடித்ததும் வடக்குத் தளபதி யுலிசஸ் கிராண்டின் பெயர் ஒரே நாளில் நாடெங்கும் பரவியது. முகம் யாருக்கும் தெரியாது. கிராண்ட் என்றே குடும்பப்பெயர் கொண்ட வேறொருவரின் புகைப்படம் ஜெனரலின் படம் என்று சந்தையில் சுற்றியது. அவர் படைக்கு மாட்டிறைச்சி ஒப்பந்தம் எடுத்த வியாபாரி. அந்தத் தாடிக்காரரைப் பார்த்து வரைந்த ‘ஜெனரல் கிராண்ட்’ அச்சுகளும் வந்தன.

வெளியீட்டாளரே தெரிந்து மாற்றியதும் உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் 1783 டிசம்பர் 4 அன்று நியூயார்க்கில் ஒரு விடுதியில் தன் அதிகாரிகளிடம் விடைபெற்ற காட்சியைக் கரியர் 1848இல் வெளியிட்டார். அதில் வாஷிங்டன் கையில் மதுக்கோப்பை, மேசைமேல் மதுக்குப்பி. 1876இல் நாட்டின் நூற்றாண்டு விழாவை ஒட்டி அதே காட்சியை மறுபடி போட்டார்கள். அதற்குள் மதுவிலக்கு இயக்கம் வலுத்திருந்தது. கோப்பை மறைந்தது, கை மார்பில் வந்து அமர்ந்தது, குப்பி இருந்த இடத்தில் ஒரு தொப்பி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும்.

கையில் எடுத்தால் பார்க்க வேண்டியவை

முதலில் அடியில் இருக்கும் பொடி எழுத்து. ‘என். கரியர்’ என்று மட்டும் இருந்தால் 1857க்கு முந்தையது, ‘கரியர் அண்ட் ஐவ்ஸ்’ என்றால் பிந்தையது. அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை பதிவு செய்த ஆண்டும் நீதிமன்ற வட்டாரமும் அங்கேயே ஒரு வரியில் இருக்கும். கடை முகவரியும் உதவும்.

பிறகு லென்ஸ். பத்து மடங்கு பெருக்கும் சாதாரண லென்ஸ் போதும். சட்டையின் ஓரத்தைப் பாருங்கள். கையால் வண்ணமிட்டது என்றால் நீலம் ஒரு தொடர்ச்சியான கறையாக இருக்கும், அதற்குள் புள்ளி இருக்காது. அடியில் கறுப்புப் பென்சில் பொடி ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். நீலம் சில இடங்களில் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும், சில இடங்களில் எட்டாமல் நின்றிருக்கும். தூரிகையை எடுத்த இடத்தில் வண்ணம் தேங்கி ஓரம் மட்டும் சற்று அடர்ந்து காய்ந்திருக்கும்.

நிறத்தையும் அச்சிலேயே கொண்டுவந்த குரோமோலித்தோகிராஃப் வேறு. அதற்கு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். மல்ஹவுஸ் நகரத்தின் கோட்ஃப்ராய் எங்கெல்மன் 1837இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நம் வீடுகளில் தொங்கிய ரவி வர்மா லட்சுமியும் சரஸ்வதியும் இந்த வகைதான். 1894இல் பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சகத்தில் ஒரு படத்துக்குப் பல கற்கள் வரிசையாக ஓடின. அங்கே லென்ஸ் வைத்தால் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் புள்ளிகளாகத் தெரியும், மீறி வழிந்த தூரிகை இருக்காது. குரோமோ மலிவானதும் வண்ணம் தீட்டும் கைகளுக்கு வேலை குறைந்தது.

நிறம் மங்கியிருந்தால் உடனே வண்ணக்காரரைக் குறை சொல்ல வேண்டாம். அக்காலச் சிவப்புகளில் பூச்சியிலிருந்து எடுத்த கார்மைன் வெயிலுக்கு நிற்காது. கன்னத்துச் சிவப்பும் கச்சின் கருஞ்சிவப்பும் முதலில் போய்விடும். நீலமும் மஞ்சளும் கலந்து உண்டாக்கிய பச்சையில் மஞ்சள் வெளுத்து, மருத்துவ அதிகாரியின் பச்சைக் கச்சு நீலமாகிவிடும். ஈயம் கலந்த வெள்ளை காற்றின் கந்தகம் பட்டுக் கறுக்கும். சட்டகத்துக்குள் மறைந்திருந்த ஓரத்தில்தான் பழைய நிறம் மிஞ்சியிருக்கும், அங்கே பார்த்து ஒப்பிட வேண்டும்.

நேரில் கிடைக்காதவர்களுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத் தொகுப்பில் கரியர் அண்ட் ஐவ்ஸ் படங்கள் ஏராளம், இலவசமாகவே பெரிதாக்கிப் பார்க்கலாம். ஒரே தலைப்புக்கு வேறொரு அருங்காட்சியகத்தின் பிரதியையும் பக்கத்தில் திறந்துவையுங்கள். பொத்தான் எண்ணிக்கை மாறாது, வானத்தின் நிறமும் சேணத்தின் நிறமும் மாறியிருக்கும்.

விலைக்கு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறுவனம் 1907இல் மூடப்பட்டது. கற்களில் பெரும்பாலானவற்றின் படத்தைத் தேய்த்து அழித்துவிட்டு, கல்லை எடைக்கு விற்றார்கள். மூலக் கல்லிலிருந்து புதிதாக எடுத்த பிரதி என்று யாராவது கொடுத்தால் நம்ப வேண்டாம். 1930களிலிருந்து ஒரு காப்பீட்டு நிறுவனம் இந்தப் படங்களை ஆண்டுதோறும் காலண்டராகப் போட்டு லட்சக்கணக்கில் கொடுத்தது. தேதித்தாளை வெட்டி எறிந்துவிட்டுப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டும் பழக்கம் நமக்கு மட்டும் உள்ளதல்ல. அப்படி மாட்டியவை பழுத்து மஞ்சளாகி, ‘தாத்தா காலத்துப் படம்’ என்று இப்போது விற்பனைக்கு வருகின்றன. லென்ஸில் நீலச் சட்டை ஒழுங்கான வரிசையில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகப் பிரிந்து தெரிந்தால் அது காலண்டர்தான்.